கொழுப்பு ஊசி போட்டால் முழங்காலில் சவ்வு முளைக்குமா?

முழங்கால் நோ இல்லாத வீடு எங்கட ஒழுங்கைகளில் குறைவு. குந்தி இருந்து மீன் வெட்ட முடியாது, சப்பாணி கட்டி இருந்து தேவாரம் பாட முடியாது, நல்லூர்த் தேரன்று வெளிவீதி ஒருமுறை சுற்றி வர முடியாது என்ற நிலை வந்த பிறகுதான் பலர் வைத்தியம் தேடத் தொடங்குகிறார்கள். அந்த நேரம் பார்த்து ரொறன்ரோவில் இருந்தோ லண்டனில் இருந்தோ மகன் ஒரு வீடியோ அனுப்புவார். வயிற்றுக் கொழுப்பை எடுத்து, அதில் உள்ள ஸ்டெம் செல்லை, அதாவது வேறு கலங்களாக மாறக்கூடியது என்று சொல்லப்படுகிற மூலக்கலத்தை, பிரித்து, முழங்காலுக்குள் ஊசியாகப் போட்டால் தேய்ந்த சவ்வு திரும்ப முளைக்குமாம், சத்திரசிகிச்சை தேவையில்லையாம். "காசு நான் அனுப்புறன், சென்னைக்குப் போய்ச் செய்துகொண்டு வாங்கோ அம்மா."

இந்தப் பதிவு அந்த அம்மாவுக்கும் மகனுக்குமானது. பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சவ்வு முளைக்காது. நோ குறையலாம், குறைந்தால் சில மாதம், சிலருக்கு ஒரு வருடம் வரையும் நிற்கலாம். அதற்காகக் கொடுக்கிற காசும் ஏற்கிற ஆபத்தும் பெறுமதியானவையா என்பதை, மூட்டுக்குள் என்ன நடக்கிறது என்று விளங்கிக்கொண்ட பிறகு நீங்களே கணக்குப் பார்க்கலாம்.

எங்கட பேச்சில் 'சவ்வு' என்ற ஒரே சொல் மூன்று சாமான்களுக்கு நிற்கிறது. எலும்பு நுனியை மூடிக்கொண்டு வழுவழுப்பாக இருக்கிற கசியிழையம் ஒன்று. தொடை எலும்புக்கும் கணைக்கால் எலும்புக்கும் நடுவில் பிறை வடிவில் கிடக்கிற மெத்தையான மெனிஸ்கஸ் இன்னொன்று. எலும்பை எலும்போடு இழுத்துக் கட்டியிருக்கிற லிகமென்ற் மூன்றாவது. 'சவ்வு கிழிஞ்சிட்டுது' என்றால் பெரும்பாலும் இரண்டாவதும் மூன்றாவதும். 'சவ்வு தேஞ்சிட்டுது' என்றால் முதலாவது. டொக்டர் எதைச் சொன்னார் என்று கேட்டுத் தெளிவாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். விளையாட்டில் கிழிந்த இளம்பொடியனின் முழங்காலுக்குச் சொன்ன வைத்தியம், 65 வயது அம்மாவின் தேய்ந்த முழங்காலுக்குப் பொருந்தாது. அதோடு, வயது போனவர்களின் எம்.ஆர்.ஐ. படத்தில் மெனிஸ்கஸ் கிழிவு தெரிவது சாதாரணம், நோ இல்லாதவர்களுக்கும் தெரியும். அந்த ஒரு வரியைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை.

கசியிழையம் முழங்காலில் 2 முதல் 4 மில்லிமீற்றர் தடிப்புத்தான். அதற்குள் குருதிக்குழாய் இல்லை, நரம்பும் இல்லை. கலங்களும் அருமை, மொத்தக் கனவளவில் நூற்றுக்கு ஐந்துகூட வராது. கையில் வெட்டினால் குருதி வந்து, உறைந்து, ஆறும். இங்கே அந்தக் குருதி வருவதேயில்லை, அதனால் தேய்ந்தது தேய்ந்ததுதான். ஆனால் நரம்பு இல்லாத இடம் நோகாது என்பதையும் சேர்த்து யோசியுங்கள். முழங்கால் நோகிறது என்றால், அந்த நோ மூட்டின் உட்சுவரில் உள்ள அழற்சியில் இருந்தும், கசியிழையத்துக்குக் கீழே அமத்தப்படுகிற எலும்பில் இருந்தும், மூட்டைச் சுற்றிய உறையில் இருந்தும் வருகிறது. ஆகவே ஒரு ஊசி கசியிழையத்தில் ஒரு மயிரளவுகூட வளர்க்காமலே நோவைக் குறைக்கலாம். விளம்பரங்கள் புகுந்து விளையாடுகிற இடம் இதுதான். நோ குறைந்தவர் நடந்து காட்டுவார், பார்ப்பவர் சவ்வு முளைத்துவிட்டது என்று நினைப்பார்.

தேய்மானம் எந்த அளவில் இருக்கிறது என்று தெரியாமல் எந்த ஊசியைப் பற்றியும் யோசிக்க வேண்டாம். 1957இல் கெல்கிரன், லோரன்ஸ் என்ற இரண்டு வைத்தியர்கள் வகுத்த 0 முதல் 4 வரையான தரம்தான் இன்றும் பயன்படுகிறது. 2 என்றால் எலும்பு ஓரத்தில் முள் மாதிரி வளர்ச்சி தெரியும், இடைவெளி கொஞ்சம் குறைந்திருக்கலாம். 3 என்றால் இடைவெளி நிச்சயமாகக் குறைந்துவிட்டது. 4 என்றால் எலும்பும் எலும்பும் முட்டுகிற நிலை, பலருக்குக் கால் வில்லாக வளைந்தும் இருக்கும். இந்த எக்ஸ்ரேயை நின்றபடி எடுக்க வேண்டும். கட்டிலில் படுக்க வைத்து எடுத்தால் உடம்பின் பாரம் மூட்டில் விழாது, இடைவெளி இருப்பதாகவே படம் காட்டும், 4 ஆனது 2 போலத் தெரியும். படுத்து எடுத்த எக்ஸ்ரேயை வாட்ஸ்அப்பில் அனுப்பி, அதை மட்டும் பார்த்து 'ஸ்டெம் செல் செய்யலாம்' என்று பதில் வந்தால் அந்தப் பதிலை நம்ப வேண்டாம்.

ஏன் கொழுப்பு?

எலும்பு மச்சையிலும் இந்த ஸ்டெம் செல் வகைக் கலங்கள் உண்டு, ஆனால் அங்கே அவை அரிதிலும் அரிது. கருவுள்ள கலங்கள் 10,000 எடுத்தால் ஒன்று இருக்கும், சிலவேளை அதுவும் இராது. தோலுக்குக் கீழே உள்ள கொழுப்பிலும் இவை இருக்கின்றன என்று 2001இல் அமெரிக்க ஆய்வுக்குழு ஒன்று காட்டியது. கொழுப்பைக் கரைத்துக் கிடைக்கிற கலவையில் நூற்றுக்கு 1 முதல் 10 வரை இந்த வகையாக இருக்கலாம். எடுப்பதும் இலகு. இடுப்பெலும்பைத் துளைக்கத் தேவையில்லை.

'ஸ்டெம் செல்' என்ற பெயரே சனத்தை ஏமாற்றுகிறது. 'மெசன்கைமல் ஸ்டெம் செல்' என்ற பெயரை 1991இல் வைத்தவர் ஆர்னோல்ட் கப்லன். அவரே 2017இல், இந்தப் பெயரை மாற்ற வேண்டும், நோயாளிகள் இதனால் தவறாக விளங்கிக்கொள்கிறார்கள் என்று எழுதினார். உடம்புக்குள் போட்ட இந்தக் கலங்கள் புது இழையமாக மாறுவதில்லை, சைகைப் பொருட்களைச் சுரந்து சுற்றியிருக்கிற கலங்களின் நடத்தையை மாற்றுகின்றன என்பதுதான் அவருடைய விளக்கம். மூட்டுக்குள் போட்ட கலங்களில் பெரும்பகுதி சில நாட்களில், மிஞ்சினால் சில வாரங்களில் இல்லாமல் போகும். அதற்கிடையில் அவை சுரக்கிறவை மூட்டுச் சுவரின் அழற்சியைத் தணிக்கின்றன. உயிருள்ள சரக்கு கொண்ட அழற்சி தணிப்பு ஊசி என்று விளங்கிக்கொண்டால் பெரும்பாலும் சரியாக இருக்கும்.

எப்படிச் செய்கிறார்கள்

கொழுப்பு எடுப்பது பெரும்பாலும் தொப்புளுக்குக் கீழே அல்லது இடுப்புப் பக்கத்தில் இருந்து. முதலில் ஒரு லீற்றர் சேலைனில் 1 மில்லிகிராம் அட்ரினலின், 500 முதல் 1000 மில்லிகிராம் லிக்னோகெயின் என்ற மரப்பு மருந்து கலந்த திரவத்தைத் தோலுக்குக் கீழே ஏற்றுவார்கள். அந்த இடம் மரத்துப்போகும், அட்ரினலின் குருதிக்குழாய்களைச் சுருக்கும். இதற்கு 15, 20 நிமிடம் பொறுக்க வேண்டும். அவசரத்தில் உடனே இழுத்தால் கொழுப்போடு குருதி நிறைய வரும், பிறகு கண்டல் 3 வாரத்துக்கும் கறுப்பாக நிற்கும், கலங்களைப் பிரிப்பதும் சிரமம். 3, 4 மில்லிமீற்றர் அளவான ஒரு சின்னக் கீறல் வழியாக முனை மழுங்கிய குழாயை உள்ளே விட்டு, விசிறி விரிவது போலத் திசை மாற்றி மாற்றி முன்னும் பின்னும் அசைப்பார்கள். சிரிஞ்சின் தண்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இழுக்க வேண்டும். பலமாக இழுத்தால் கலங்கள் அந்த அமுக்கத்திலேயே வெடிக்கும். ஒரு முழங்காலுக்கு 50 முதல் 100 மில்லிலீற்றர் போதும்.

எடுத்த சிரிஞ்சை முனை கீழாக நிமிர்த்தி வைத்தால், 10 நிமிடத்தில் உள்ளே மூன்று அடுக்கு பிரியும். மேலே தேங்காய் எண்ணெய் மாதிரித் தெளிந்த மஞ்சள் எண்ணெய், அது வெடித்த கொழுப்புக் கலங்களில் இருந்து வந்தது. நடுவில் முட்டை மஞ்சட்கரு நிறத்தில் திரளை திரளையாகக் கொழுப்பு. கீழே குருதி கலந்த சேலைன், மீன் கழுவிய தண்ணி நிறம். கீழ்த் தண்ணியை வடித்து, மேல் எண்ணெயை அகற்றி, நடு அடுக்கைச் சேலைனால் திரும்பத் திரும்பக் கழுவ வேண்டும், வடிகிற தண்ணி தெளியும் வரை. இந்தக் கழுவலில் சோம்பல் பட்டால் இரண்டு கெடுதல் வரும். லிக்னோகெயின் மிஞ்சி நின்று கலங்களைக் கொல்லும். எண்ணெயும் குருதியும் மூட்டுக்குள் போய், தணிக்க வந்த ஊசியே அழற்சியைக் கிளப்பும். மேல் எண்ணெய் அடுக்கு தடிப்பாக இருந்தால் எடுத்த விதம் முரட்டுத்தனமாக இருந்திருக்கிறது என்று அர்த்தம்.

அதற்குப் பிறகு வழி மூன்றாகப் பிரிகிறது. மூன்றுக்கும் வெளியில் ஒரே பெயர், ஸ்டெம் செல் ஊசி. நீங்கள் காசு கொடுப்பது எதற்கு என்பது இங்கேதான் தீர்மானமாகிறது.

முதலாவது, கொழுப்பைப் பொடியாக உடைப்பது மட்டும். இத்தாலியில் உருவான லிபோஜெம்ஸ் போன்ற மூடிய உருளைக்குள் உலோக உருண்டைகளோடு குலுக்கிக் கழுவி, நுண்ணிய துண்டுகளாக்கி ஊசியில் ஏற்றுவார்கள். இன்னொரு முறை நனோஃபற். 2013இல் பெல்ஜியத்து வைத்தியர்கள் விவரித்தது. இரண்டு 10 மில்லிலீற்றர் சிரிஞ்சுகளை வாயோடு வாய் பூட்டி, கொழுப்பை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக 30 தரம் தள்ளுவார்கள். மஞ்சள் கொழுப்பு வெளிறி, அடித்த பாலாடை போல ஆகும், பிறகு வலையில் வடிப்பார்கள். எல்லாம் ஒரு மணித்தியாலத்துக்குள் முடியும். இதில் நொதியம் சேர்ப்பதில்லை, கலங்களை எண்ணுவதும் வழக்கமில்லை.

இரண்டாவது, எஸ்.வி.எஃப். என்று சொல்லப்படுகிற கலவை. கழுவிய கொழுப்போடு கொலாஜினேஸ் என்ற நொதியத்தைச் சேர்த்து, 37 பாகை செல்சியஸில் 30 முதல் 60 நிமிடம் குலுக்க வேண்டும். நொதியம் கொழுப்பைக் கட்டியிருக்கிற நார்களை அறுக்கும். அந்த நொதியம் ஒரு பக்ரீரியாவில் இருந்து எடுக்கப்படுவது, மருந்துத் தரத்தில் தயாரித்ததாக இருக்க வேண்டும், வேலை முடிந்ததும் முழுக்கக் கழுவி அகற்ற வேண்டும். நேரம் குறைந்தால் கலங்கள் நாருக்குள்ளேயே நிற்கும். கூடினால் நொதியம் கலங்களையே சிதைக்கும். பிறகு மையநீக்கியில் 10 நிமிடமளவு சுற்றினால் கொழுப்பு மேலே மிதக்க, குழாயின் அடியில் ஒரு பருப்பளவு சிவந்த படிவு நிற்கும். வேண்டியது அந்தப் படிவுதான். அதில் ஸ்டெம் செல் மட்டுமில்லை. குருதிக்குழாய்ச் சுவர்க் கலம், வெண்குருதிக் கலம், சிவப்புக் கலம் எல்லாம் கலந்திருக்கும்.

மூன்றாவது, அந்தக் கலங்களை ஆய்வுகூடத்தில் வளர்த்துப் பெருக்குவது. 3 வாரமளவு எடுக்கும், சிலவேளை கூடவும். பிளாஸ்டிக் தட்டில் ஒட்டுகின்றனவா, மேற்பரப்பில் சிடி73, சிடி90, சிடி105 அடையாளங்கள் நூற்றுக்கு 95க்கு மேல் உண்டா, எலும்பாகவும் கொழுப்பாகவும் கசியிழையமாகவும் ஆய்வுத்தட்டில் மாற முடிகிறதா என்று 2006இல் வகுத்த சர்வதேச அளவுகோல்களால் சோதிக்க வேண்டும். கிருமி, மைக்கோபிளாஸ்மா என்ற நுண்கிருமி, எண்டொரொக்சின் என்ற பக்ரீரியா நஞ்சு இவற்றுக்கான சோதனைகளும் அவசியம். இரண்டு தரம் போக வேண்டிய வேலை இது, முதலில் கொழுப்புக் கொடுக்க, பிறகு ஊசி போட.

இப்போது கணக்கைப் பாருங்கள். நன்றாகச் செய்த எஸ்.வி.எஃப். முறையில் 1 கிராம் கொழுப்பில் இருந்து 5 இலட்சம் முதல் 20 இலட்சம் கலம் கிடைக்கும். 50 கிராமுக்கு 2.5 கோடி முதல் 10 கோடி. அதில் ஸ்டெம் செல் வகை நூற்றுக்கு 1 முதல் 10 என்றால், கடைசியில் சில இலட்சத்தில் இருந்து ஒரு கோடி வரை. வளர்த்த முறையில் கொரிய ஆய்வுகள் ஒரு முழங்காலுக்குப் போட்டது 10 கோடி, அவ்வளவும் ஒரே வகைக் கலம். ஆகவே "உங்களுக்கு 10 கோடி ஸ்டெம் செல் போடுறம், காலமை வந்தால் பின்னேரம் போகலாம்" என்று யாராவது சொன்னால் கணக்கு ஒத்துவராது. 15 நிமிடத்தில் எல்லாம் முடிந்தது என்றால் அது நொதியம் போட்ட எஸ்.வி.எஃப்.உம் இல்லை, உடைத்த கொழுப்பு மட்டும்தான். உடைத்த கொழுப்பைப் போடுவது குற்றமில்லை. அதை வேறொன்றின் பெயரில், வேறொன்றின் விலைக்கு விற்பதுதான் குற்றம்.

எண்ணிக்கையோடு உயிர் வீதத்தையும் கேட்க வேண்டும். ட்ரிப்பன் புளூ என்ற சாயத்தில் ஒரு துளியைக் கலந்து நுணுக்குக்காட்டியில் பார்த்தால், செத்த கலங்கள் நீலமாகும், உயிருள்ளவை நிறம் ஏறாமல் பளிச்சென்று நிற்கும். எஸ்.வி.எஃப்.இல் நூற்றுக்கு 70க்குக் குறைந்தால் அந்தத் தொகுதி தரமில்லை. வளர்த்த கலங்களைச் சேமித்து வைப்பது −196 பாகையில், திரவ நைதரசனில். வெளியே எடுத்தால் பிறகு மணித்தியாலக் கணக்குத்தான். யாழ்ப்பாணத்து வெயிலில் சாதாரண ஐஸ் பெட்டியில் கொண்டுவந்து தருகிறோம் என்றால், எந்த நேரம் எடுத்தது, எத்தனை பாகையில் வந்தது, ஊசிக்கு முன் திரும்ப எண்ணினார்களா என்று எழுத்தில் கேளுங்கள்.

ஊசி போடுவது கடைசி, ஆனால் அதிலும் பிழை விடலாம். முழங்கால் சிரட்டைக்கு மேல் வெளிப்பக்கத்தால், அல்ட்ராசவுண்டில் ஊசி முனையைப் பார்த்துக்கொண்டு போடுவது நல்லது. மூட்டில் நீர் கோத்திருந்தால் முதலில் அதை எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் போடுவது அந்த நீரில் கரைந்து போகும். நோகாமல் இருக்க மூட்டுக்குள் மரப்பு மருந்து சேர்க்கிற பழக்கம் சில இடங்களில் உண்டு. பியுபிவகெயின், லிக்னோகெயின் இரண்டுமே ஸ்டெம் செல்லையும் கசியிழையக் கலத்தையும் கொல்லக்கூடியவை. அத்தனை பாடுபட்டுப் பிரித்த கலத்தை அதே சிரிஞ்சில் மரப்பு மருந்தோடு கலப்பது செய்த வேலையைக் கெடுப்பது. தோலுக்கு மட்டும் மரப்புப் போடச் சொல்லிக் கேட்கலாம்.

ஆய்வுகள் சொல்வது

2014இல் கொரியாவில் 18 பேரில் 1 கோடி, 5 கோடி, 10 கோடி என்று மூன்று அளவில் வளர்த்த கலங்களைப் போட்டுப் பார்த்தார்கள். கூடிய அளவு போட்டவர்களுக்கு நோ குறைந்தது. 2019இல் 24 பேரோடும், 2023இல் 3ஆம் தரத் தேய்மானம் உள்ள 260 பேரளவோடும் மருந்தில்லாத போலி ஊசியோடு ஒப்பிட்டார்கள். 6 மாதத்தில் நோவும் நடமாட்டமும் போலி ஊசியைவிட நன்றாக இருந்தன. ஆனால் பெரிய ஆய்வின் எம்.ஆர்.ஐ. படங்களில் கசியிழையத்தில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. நோ குறைந்தது, சவ்வு வளரவில்லை.

அதே 2023இல் அமெரிக்காவில் 475 பேரை வைத்துச் செய்த ஆய்வு வெளிவந்தது. எலும்பு மச்சை, கொழுப்பில் இருந்து எடுத்த எஸ்.வி.எஃப்., தொப்புள்கொடி இழையக் கலம் என்ற மூன்றையும் சாதாரண ஸ்டீரொயிட் ஊசியோடு நேருக்கு நேர் நிறுத்தினார்கள். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் நான்கிலும் நோ குறைந்திருந்தது, மூன்றில் ஒன்றுகூட ஸ்டீரொயிட்டை மிஞ்சவில்லை. என்னைப் பொறுத்தவரை முடிவெடுக்கிற ஒவ்வொரு குடும்பமும் தெரிந்திருக்க வேண்டிய ஆய்வு இதுதான், ஏனென்றால் கிளினிக்குகள் விற்பது பெரும்பாலும் எஸ்.வி.எஃப்.ஐயோ அதைவிட எளிய உடைத்த கொழுப்பையோதான், கொரியாவின் 10 கோடிக் கலத்தை அல்ல. 2025இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடுகிற கொக்ரேன் அமைப்பு பல வகை ஸ்டெம் செல் ஊசி ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்தபோது, 10 புள்ளி நோ அளவுகோலில் போலி ஊசியைவிட ஒரு புள்ளியளவு கூடுதல் நன்மை இருக்கலாம், ஆதாரத்தின் உறுதி குறைவு என்றது. வெறும் சேலைனை மூட்டுக்குள் போட்டாலே பலருக்கு மாதக் கணக்கில் நோ குறைகிறது என்பதையும் இதோடு வைத்துப் பார்க்க வேண்டும். தேய்மான நோ ஏறி இறங்குகிற நோ. ஆக மோசமான மாதத்தில் ஊசி போட்டால், அடுத்த மாதம் எப்படியும் கொஞ்சம் நல்லாகும்.

ஸ்டீரொயிட்டைப் புகழ்கிறேன் என்று நினைக்க வேண்டாம். அதை 3 மாதத்துக்கு ஒருமுறை 2 வருடம் தொடர்ந்து போட்டால் கசியிழையம் கூடுதலாகத் தேய்கிறது என்று 2017இல் வந்த ஆய்வு காட்டியது.

என்னென்ன பிழைக்கும்

ஊசி போட்ட 2, 3 நாளுக்கு முழங்கால் வீங்கி உளைவது சாதாரணம். வயிற்றுப் பக்கம் 2 வாரமளவு கண்டல் நிற்கும். பயப்பட வேண்டியவை வேறு.

மூட்டுக்குள் கிருமி போவதுதான் முதலாவது பயம். 2018இல் அமெரிக்காவில் தொப்புள்கொடிக் குருதியில் இருந்து தயாரித்து விற்ற ஊசியால் 12 பேர் கிருமித்தொற்றோடு வைத்தியசாலையில் சேர்க்கப்பட்டார்கள். மனிதக் கழிவில் இருக்கிற வகைப் பக்ரீரியா அவர்களின் குருதியிலும் மூட்டிலும் இருந்தது. உங்கள் சொந்தக் கொழுப்பு என்பதால் உடம்பு அதை நிராகரிக்காது என்பது சரி, கிருமி வராது என்பது பிழை. கையால் தொடுகிற படிகள் கூடக் கூட ஆபத்தும் கூடும். நீரிழிவு கட்டுப்பாட்டில் இல்லாதவருக்கு இன்னும் கூடும்.

வயிற்றில் குடலிறக்கம் உள்ளவர்களுக்கு, அல்லது பழைய சத்திரசிகிச்சைத் தழும்புக்குக் கீழே தசைச்சுவர் பலவீனமாக இருப்பவர்களுக்கு, குழாய் குடலில் இறங்கக்கூடும். முன்கூட்டியே ஸ்கான் பார்த்து, தேவையென்றால் தொடையில் இருந்து எடுக்க வேண்டும். மெலிந்த வயதானவர்களுக்கு எடுக்கவே போதிய கொழுப்பு இராது. 40 கிலோ அம்மம்மாவின் வயிற்றில் 100 மில்லிலீற்றர் தேடுவது வீண் கொடுமை. குருதி உறையாமல் குளிசை எடுப்பவர்கள் அதைத் தாங்களாக நிறுத்தக் கூடாது, கொடுத்த இருதய வைத்தியரிடம் கேட்க வேண்டும். புற்றுநோய் இருப்பவரும், அண்மையில் இருந்தவரும், முடக்குவாதம் உள்ளவரும் இந்த வழிக்குப் போக வேண்டாம். 4ஆம் தரத்தில் கால் வளைந்தவருக்கும் இது காசுக் கேடு. அங்கே பிரச்சினை பாரம் விழுகிற கோடு, அதை எந்தக் கலமும் நிமிர்த்தாது. செயற்கை முழங்கால் மாற்றுவதை நினைத்து நடுங்குபவர்களுக்கு ஒரு கணக்கு. மாற்றியவற்றில் 10இல் 8 முழங்கால் 25 வருடம் கழித்தும் நிலைத்து நிற்கின்றன.

சட்டம் எங்கே நிற்கிறது

அமெரிக்காவில் மருந்துகளை ஒழுங்குபடுத்துகிற எஃப்.டி.ஏ. நிறுவனம் எஸ்.வி.எஃப்.ஐ அனுமதி தேவைப்படுகிற மருந்தாகவே பார்க்கிறது. புளோரிடாவில் ஒரு கிளினிக்கில் இதையே கண்ணுக்குள் போட்ட 3 பெண்கள் பார்வை இழந்ததை 2017இல் மருத்துவச் சஞ்சிகை பதிவு செய்தது. 2019இல் புளோரிடா நீதிமன்றமும், 2024இல் கலிபோர்னியா வழக்கின் மேன்முறையீட்டு நீதிமன்றமும் எஃப்.டி.ஏ.யின் பக்கமே தீர்ப்புச் சொன்னன.

எங்கட சனம் போவது இந்தியாவுக்கு. பலாலியில் ஏறினால் சென்னை கிட்டத்தான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டி, மூட்டுத் தேய்மானத்துக்கு ஸ்டெம் செல்லைப் பதிவு பெற்ற ஆய்வுக்கு வெளியே சிகிச்சையாக விற்பதை ஏற்கவில்லை. கொழுப்பை எதிர்காலத்துக்கென்று காசுக்கு வங்கியில் வைப்பதையும் ஏற்கவில்லை. முழங்கால் தேய்மானத்துக்கு அங்கே 2022இல் அனுமதி பெற்ற ஸ்டெம்பியூசெல் எலும்பு மச்சையில் இருந்து வளர்த்தது, கொழுப்பில் இருந்து அல்ல. ஆகவே யாராவது "இது ஆராய்ச்சி" என்றால், இந்தியாவின் மருத்துவ ஆய்வுப் பதிவேடான சி.டி.ஆர்.ஐ.யின் பதிவு இலக்கத்தைக் கேளுங்கள், இணையத்தில் தட்டிப் பார்க்கலாம். உண்மையான ஆய்வு நோயாளியிடம் சிகிச்சைக்குக் காசு அறவிடாது. இலங்கையிலும் மருந்துகளுக்கு 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபை இருக்கிறது, ஆய்வுகளுக்கு இலங்கை மருத்துவப் பரீட்சார்த்தப் பதிவேடு இருக்கிறது. கொழும்பில் செய்கிறோம் என்பவரிடமும் இதே கேள்விதான்.

போகத்தான் போகிறீர்கள் என்றால்

காசு கட்ட முன்னர் எழுத்தில் வாங்க வேண்டியவை இவை: மூன்று முறையில் எது, நொதியம் உண்டா, எத்தனை கலம், உயிர் வீதம் எவ்வளவு, கிருமிச் சோதனை அறிக்கை, ஊசி போடுபவரின் பெயரும் பதிவு இலக்கமும், பிழைத்தால் யார் பார்ப்பது. இவற்றுக்குப் பதில் தராமல் நடந்து காட்டுகிற வீடியோ அனுப்பினால் அங்கே போக வேண்டாம்.

ஊசி போட்ட மறுநாளே விமானம் ஏறாதீர்கள். கிருமித்தொற்று தலைகாட்டுவது பெரும்பாலும் முதல் சில நாட்களில். அதுவரை ஊசி போட்டவர் கிட்ட இருக்க வேண்டும், ஒரு கிழமையாவது நில்லுங்கள். முதல் 2 நாள் கால் நீட்டி ஓய்வு, பிறகு ஊன்றுகோலோடு நடை. கோல் நோகிற காலுக்கு எதிர்க்கையில். நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு மடிகிற உயரத்தில் அதன் பிடி இருக்க வேண்டும். நோவுக்கு டைக்குளோஃபெனக் வகை குளிசையைக் கொஞ்ச நாள் தவிர்க்கச் சொல்வார்கள், அழற்சிச் சைகைகளைக் குழப்பும் என்று. அதற்குப் பதில் பனடோல், ஒருமுறைக்கு 2, ஒரு நாளைக்கு 8ஐத் தாண்டாமல். 50 கிலோவுக்குக் குறைந்தவருக்கும் ஈரல் வருத்தம் உள்ளவருக்கும் அதிலும் குறைவு, டொக்டரிடம் கேட்டு.

தொடைத் தசைப் பயிற்சியைத் தவற விட்டால் போட்ட ஊசி பாதிதான். கதிரையில் நிமிர்ந்து இருந்து, காலை நேராக நீட்டி, தொடையை இறுக்கி 5 செக்கன் பிடித்து, மெல்லக் கீழே விடுங்கள். 10 தரம், அப்படி மூன்று சுற்று, இரண்டு காலுக்கும். பிறகு கையை ஊன்றாமல் கதிரையில் இருந்து எழும்பி இருப்பது. நிறை கூடியவருக்கு, உடம்பில் 1 கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முழங்காலில் 4 கிலோ பாரம் குறைகிறது. இந்த இரண்டையும் 3 மாதம் ஒழுங்காகச் செய்து பார்க்காமல் எந்தக் கொழுப்பு ஊசிக்கும் காசு அனுப்பச் சொல்ல மாட்டேன். இதற்கு விமானச் சீட்டும் வேண்டாம். யாழ் போதனா வைத்தியசாலையில் எலும்பு முறிவு கிளினிக்கில் காட்டி, இயன்மருத்துவப் பகுதிக்கு ஒரு கடிதம் கேட்டால் போதும்.

செய்துகொண்டு வந்தவர்களுக்குக் கடைசியாக ஒன்று. என்ன போட்டார்கள், எந்தத் திகதி, எந்தக் கால், என்னென்ன மருந்து என்று எழுதிய கடிதத்தை வாங்கிக்கொண்டு வாருங்கள். வீட்டுக்கு வந்த பிறகு காய்ச்சல் காய்ந்தாலோ, முழங்கால் நெருப்பாகச் சுட்டு, கால் ஊன்றவே முடியாமல் போனாலோ, பார்மசியில் அன்ரிபயோட்டிக் வாங்கிப் போடாதீர்கள். கிருமித்தொற்று குளிசையால் பாதி அடங்கினால் மூட்டு நீரில் கிருமியைக் கண்டுபிடிப்பது கஷ்டமாகிவிடும், உள்ளே கசியிழையம் நாள் கணக்கில் கரைந்து போகும். கெண்டைக்கால் வீங்கி நொந்தாலும், திடீரென்று மூச்சு முட்டினாலும் அதே அவசரம். இரவு என்றாலும் விடியட்டும் என்று பார்க்காமல், ஓட்டோ பிடித்து அந்தக் கடிதத்தோடு போதனா வைத்தியசாலை அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். போனதும் முதல் வாக்கியமாக, முழங்காலுக்குள் இன்ன திகதி இன்ன ஊசி போட்டது என்று சொல்லுங்கள்.